துவக்கு இருந்த வீடு

சிட்னியின் மேற்கே, டூங்கபியில் இருந்த எங்கள் வீட்டில் ஒரு துவக்கு இருந்தது, உண்மையாகச் சுடுகிற துவக்கு. இப்போது சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடுகிற என்னை வீட்டில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் முறைப்படி லைசன்ஸ் எடுத்தார். முறைப்படி ஓர் இரும்புப் பெட்டி வாங்கினார். அதைக் கராஜின் சீமெந்துத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி, உள்ளே ஒரு துவக்கை வைத்துப் பூட்டினார். அந்த மனிதர் என்றால் என் கணவர்தான். ஊரில் சண்டைக்காலத்தில் துவக்கைத் தூரத்தில் கண்டாலே வேலி பாய்ந்து ஓடினவர். ஓடி ஓடிக் கடல் கடந்து சிட்னிக்கு வந்து, பிறகு தன் சொந்த விருப்பத்தில் கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்தார். இந்தக் கோதாரியை நான் யாரிடம் சொல்லி அழ?

எல்லாவற்றுக்கும் காரணம் அவரோடு வெயர்ஹவுஸில் வேலைசெய்த ஒரு வெள்ளைக்காரர். தங்கமான மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். நீலமலைகளுக்கு அப்பால் அவருடைய தகப்பனுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே முயல்கள் பெருகிப் பயிரைத் தின்று தீர்க்கின்றன என்று சனி ஞாயிறுகளில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சுடப் போவார். அப்படி ஒருமுறை இவரையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் அவருக்கு முயல்காரர் என்று பெயர் வைத்தேன். இவர் போய்வந்த அன்று முகத்தில் ஒரு வெளிச்சம். அடுத்த வாரமே லைசன்ஸுக்கு எழுதிப்போட்டார், கொஞ்ச நாளில் அட்டையும் வந்துவிட்டது.

"முயல் சுடுறதுக்கு நீங்கள் என்ன வேடனோ? கண்டறியாத துவக்கு," என்றேன்.

"நீர் சும்மா இரும். உமக்கு விளங்காது," என்றார்.

"விளங்கப்படுத்துங்கோவன். எனக்கென்ன, விசரே?"

அப்போதுதான் அவர் மனதில் இருந்ததைச் சொன்னார். "ஊரிலை ஆமிக்காரர் அடையாள அட்டையைக் கையிலை குடுத்தாலும் நம்பாதவங்கள். முகத்தைப் பாத்தவுடனை சுவரோடை நிக்க விட்டவங்கள். இஞ்சை என்னைப்பற்றி எல்லாம் விசாரிச்சுப்போட்டு, இவன் நல்லவன், இவனை நம்பித் துவக்குக் குடுக்கலாம் எண்டு அரசாங்கமே அட்டை தந்திருக்கு. என்ரை படம் போட்ட அட்டை. இந்த நாடு என்னை எவ்வளவுக்கு நம்புது பாத்தீரோ?"

மனிதர் முயலுக்காகத் துவக்கு வாங்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதனால்தான் கோபம் இன்னும் கூடியது. சண்டை பிடிக்கவும் வழியில்லாமல் போயிற்றே.

உடுப்புத் தோய்க்கிற மெசினும் அதே கராஜில்தான் இருந்தது. நான் உடுப்பைப் போட்டு, பொத்தானை அமத்திவிட்டு, பின்னால் யாரோ துரத்துவதுபோல் வெளியே வந்துவிடுவேன். பெட்டிக்கு இரட்டைப் பூட்டு. தோட்டாக்கள் வேறொரு பெட்டியில். சட்டம் அப்படித்தான் சொல்கிறதாம். இந்த நாட்டின் தெற்கே ஒரு தீவில் ஒருவன் துவக்கால் பலரைச் சுட்டுக் கொன்ற பிறகு சட்டங்கள் எல்லாம் இறுகிவிட்டன, இங்கே ஒரு துவக்கும் ஒழுங்கில்லாமல் இருக்க ஏலாது என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். சொல்லி என்ன? இரும்புக்குள் இருந்தாலும் துவக்கு துவக்குத்தானே. வீட்டுக்குள் பாம்பு இருக்கிறது, ஆனால் போத்தலுக்குள் இருக்கிறது என்றால் யாருக்கு நித்திரை வரும்?

என் தம்பி வந்துசேர்ந்தது அதற்குப் பிறகு. விமானத்தில் வந்து இறங்கியவனைச் சரியான விசா இல்லை என்று வில்லாவுட் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் சமைத்துக் கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்போம். நீண்ட காலத்துக்குப் பிறகு ஒரு தற்காலிக விசா கொடுத்து வெளியே விட்டார்கள். சில வருடங்களுக்குத்தான். அது முடிகிறபோது மறுபடி விசாரித்து, இங்கே இருக்கலாமா திரும்பிப் போகவேண்டுமா என்று சொல்வார்கள். அதுவரைக்கும் அவன் பெயரில் ஒரு சின்னக் கறையும் விழக்கூடாது என்றார் எங்கள் வழக்கறிஞர். டிக்கெட் இல்லாமல் ரயிலில்கூட ஏறவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவனைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியாது.

ஏனென்றால் ஊரில் அவனுக்கு நடந்தது எனக்குத் தெரியும். ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பு. வீட்டு வளவுக்குள் ஆமி புகுந்து கிளறியபோது கிணற்றடியில் ஒரு வெறும் தோட்டாக் கோது கிடந்தது. யார் சுட்டதோ, எப்போது விழுந்ததோ. அந்தக் கோதுக்காக அவனைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவனுடைய வலது கைப் பெருவிரல் மடங்காது.

அப்படிப்பட்டவனைத் துவக்கு இருக்கிற வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பின்னறையை ஒழுங்குபண்ணிக் கொடுத்தோம். கராஜிலே என்ன பெட்டி அது என்று கேட்டான். "அத்தானின்ரை மரவேலைச் சாமான் பெட்டி," என்று நான்தான் பொய் சொன்னேன். அவன் தலையாட்டினான். மெரிலேண்ட்ஸில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை எடுத்தான். வேலைக்குப் போவான், வருவான், பின்வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்துத் தண்ணீர் ஊற்றுவான். சிவனே என்று இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கவும் தொடங்கினான்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை பொலிஸ் வந்தது.

துவக்கு வைத்திருப்பவர்கள் அதைச் சரியாகப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பொலிஸ் வந்து பார்ப்பது இங்கே வழமை. சிலவேளை போனில் கேட்டுவிட்டு வருவார்கள். சிலவேளை வந்துவிட்டுக் கேட்பார்கள். அன்று வந்துவிட்டுக் கேட்டார்கள். அவர் மகிழ்ச்சியோடு கராஜைத் திறந்து காட்டினார். பெட்டியைப் பார்த்தார்கள், துவக்கின் இலக்கத்தைப் பார்த்தார்கள், கிரிக்கெட் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள், போய்விட்டார்கள். அவர்களுடைய கார் திரும்பும்போது நான் பின்னறைக்குப் போனேன். தம்பி இல்லை. ஜன்னல் திறந்து கிடந்தது. செருப்பு இரண்டும் கட்டிலுக்குக் கீழே அப்படியே இருந்தன.

பகல் முழுக்கத் தேடினோம். பொலிஸிடம் சொல்லவும் முடியாது, பொலிஸைக் கண்டுதானே ஓடினான். பொழுதுபடுகிற நேரம் அவர்தான் ஓடைக்கரைப் பற்றைக்குள் அவன் குந்திக்கொண்டிருப்பதைக் கண்டு கூட்டிவந்தார். கால் முழுக்கக் கீறல். வழியில் நாய் கூட்டிவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாளாம். இவனுக்கு ஒரு சொல் வாயில் வரவில்லையாம். முகாமில் இருந்த காலத்தில் நல்ல ஆங்கிலம் படித்துக்கொண்டவன் அவன். ஆனால் பயம் வந்தால் அவ்வளவும் போய்விடும்.

அன்றுதான் உண்மையைச் சொன்னோம். லைசன்ஸ் உள்ள துவக்கு, பொலிஸுக்குத் தெரிந்த துவக்கு, அவர்கள் சும்மா பார்க்க வந்தவர்கள் என்று அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அட்டையையும் காட்டினார். தம்பி அட்டையைக் கையில் வாங்கவில்லை.

"துவக்கு இருக்கெண்டு அவங்களுக்குத் தெரியுமோ அத்தான்?"

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சும் உங்களைக் கொண்டுபோகேல்லையோ?"

"ஏன் கொண்டுபோவான்? அது என்ரை துவக்கு."

தம்பி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். சுகமில்லாதவரைப் பார்க்கிற பார்வை அது. அதன் பிறகு வீதியில் கார் ஒன்று மெதுவாக வந்தால் அவனுடைய கை நின்றுவிடும். சோற்றைக் குழைத்தபடி அப்படியே இருப்பான். கார் போன பிறகுதான் அடுத்த கவளம். அவனைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. வேலைக்குப் போனால், முதியோர் இல்லத்தில் யாருக்காவது தலை வாரிக்கொண்டிருக்கும்போது, இப்போது வீட்டுக்குப் பொலிஸ் போயிருக்குமோ, தம்பி எந்த மதில் பாய்ந்து எந்த ரயில் தண்டவாளத்தைக் கடக்கிறானோ என்று யோசித்துக்கொண்டு வாரிய தலையையே மறுபடி வாருவேன். "துவக்கை வித்துப்போடுங்கோ," என்று நான் தினமும் சொன்னேன். கெஞ்சியும் சொன்னேன், கத்தியும் சொன்னேன். அவர் கேட்டால்தானே. தம்பிக்குப் பழகிவிடும், பயத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் போக்கவேண்டும் என்று ஒன்றுக்கும் உதவாத பேய்க்கதை கதைத்தார்.

இந்த நேரத்தில்தான் முயல்காரர் ஒரு புதுச் செய்தியோடு வந்தார். எங்கள் மாநிலச் சட்டசபையில் துவக்கு வைத்திருப்பவர்களின் உரிமையைப் பாதுகாக்க ஒரு மசோதா கொண்டுவரப் பார்க்கிறார்களாம். எங்கள் குசினிக் கதிரையில் உட்கார்ந்து, நான் கொடுத்த வடையைக் கடித்துக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாக மடக்கிச் சொன்னார். லைசன்ஸ் எடுப்பது கொஞ்சம் சுலபமாகுமாம். அற்பக் காரணத்துக்கு லைசன்ஸைப் பறிக்க முடியாதாம். ஒழுங்கான மனிதர்களைக் கள்ளர் மாதிரி நடத்துவதை நிறுத்தவேண்டுமாம். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. சோற்றுக்கு உரிமை இல்லாமல், வீட்டுக்கு உரிமை இல்லாமல் எத்தனை சனம் அலைகிறது, துவக்குக்கு உரிமை கேட்டு ஒரு மசோதா. நல்ல காலம், இதை நான் மனதுக்குள்தான் சொன்னேன். ஏனென்றால் அடுத்த விரலை மடக்கி அவர் சொன்னது வேறு. இனிமேல் பொலிஸ் நினைத்த நேரம் வந்து கதவைத் தட்ட முடியாது. வருவதற்கு முன்பு அறிவித்துவிட்டுத்தான் வரவேண்டும். அப்படியும் ஒரு பிரிவு அதில் இருக்கிறதாம்.

வடைச் சட்டியோடு அப்படியே நின்றேன். முன்பே சொல்லிவிட்டு வருவார்களா? அப்படியென்றால் அன்றைக்குத் தம்பியை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடலாம். கோயிலுக்குப் போகலாம், கடற்கரைக்குப் போகலாம். அவன் பொலிஸைக் காணவே தேவையில்லை. விசா விசாரணை முடியும்வரை அப்படியே ஓட்டிவிடலாம்.

ஆதரவுக் கையெழுத்துத் தாளை முயல்காரர் என் கணவரிடம்தான் நீட்டினார். அவர் வைத்து முடிந்ததும் நான் பேனாவை வாங்கி என் கையெழுத்தையும் வைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! "நீரோ?" என்று கேட்டார். "ஓம், நான்தான். உங்களுக்காக இல்லை," என்றேன். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே வியர்க்கிறவள் துவக்குக்காரரின் உரிமைக்குக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு வானொலியில் அந்த மசோதாவைப் பற்றி ஏதாவது சொன்னால் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்பேன். ஆபத்தான சட்டம், உயிர்கள் போகும் என்று சிலர் பேசுவார்கள். அவர்கள் சொல்வது சரி என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அது நிறைவேறிவிடவேண்டும் என்று சாமியறையில் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொண்டேன். ஒரு தம்பிதானே எனக்கு மிஞ்சியிருந்தான்.

மசோதா சபையில் கிடந்தது. பொலிஸ் அதற்கு முந்திவிட்டது.

அதுவும் ஒரு சனிக்கிழமை. நெருப்பாக எரிக்கிற கோடை. மேற்கு சிட்னியின் வெயிலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தண்ணீர்க் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். அவர் அரைநாள் வேலைக்குப் போயிருந்தார். தம்பிக்கு விடுமுறை. மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் வயதான ஒரு பொலிஸ்காரி, பக்கத்தில் ஓர் இளம் பொலிஸ்காரர். சிரித்த முகத்தோடுதான் கேட்டாள், துவக்குக்காரர் வீட்டில் இருக்கிறாரா என்று. இல்லை, வேலையில், பின்னேரம் வருவார் என்றேன். பரவாயில்லை, பக்கத்தில் வேறு வீடுகளும் பார்க்க இருக்கிறது, போய்விட்டு வருகிறோம், துவக்கை எடுத்துக் காட்டினால் சரி என்றாள். கதவைச் சாத்திவிட்டு முதலில் பின்னறைக்குத்தான் ஓடினேன். தம்பி ஓடவில்லை. கட்டிலில் இருந்தான்.

"திரும்பி வருவாங்களோ அக்கா?"

"ஓம். பயப்பிடாதை. அத்தான் வந்து காட்டுவார். நீ அறைக்குள்ளையே இரு, என்ன?"

தலையாட்டினான். எனக்கு உயிர் வந்தது. பழகிவிட்டது போலிருக்கிறது, அவர் சொன்னது சரிதான் என்றுகூட நினைத்தேன். முன்னறைக்குப் போய் வெயர்ஹவுஸுக்குப் போன் எடுத்தேன். அவர் லொறி ஏற்றுகிற இடத்தில் நிற்கிறார், சொல்லி விடுகிறோம் என்றார்கள். நீண்ட நேரம் பிடித்துவைத்து, மறுபடி யாரோ எடுத்து, மறுபடி சொல்லி, ஒருமாதிரி முடிந்து நான் குசினிக்கு வந்தபோது பின்கதவு திறந்திருந்தது. தம்பி வெளிக் குழாயில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அந்த வெயிலில் அவன் முகம் தெளிந்திருந்தது. வந்த நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் அவனிடம் கண்டதில்லை.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ," என்றான். "இனி அவங்கள் வந்து வீட்டைப் பிரட்டிப் பாத்தாலும் ஒண்டும் கிடையாது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கத்தரிப் பாத்தியைப் பார்த்தேன். இரண்டு வரிக்கு நடுவில் மண் புதிதாகக் கிளறி, மேலே சருகு பரப்பிக் கிடந்தது. பெட்டிச் சாவி சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்தது. யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சனம் எதை ஒளிப்பதென்றாலும் சாமிப் படத்துக்குப் பின்னால்தான் ஒளிக்கும் என்பது தம்பிக்குத் தெரியாதா? பெட்டியைத் திறந்து, துவக்கை எடுத்து, அரிசிச் சாக்கில் சுற்றி, ஆமி வருமுன் ஊரில் செய்வதுபோல் மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்து நிற்கிறான். அக்காவையும் அத்தானையும் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் நிற்கிறான்.

இதை அவனுக்கு எப்படிச் சொல்வேன்? இந்த நாட்டில் துவக்கைக் கண்டுபிடித்தால் ஒன்றுமில்லை, காணாவிட்டால்தான் வில்லங்கம் என்று எப்படிச் சொல்வேன்? லைசன்ஸ் இல்லாத ஒருவன் துவக்கைக் கையால் எடுத்தது குற்றம். பொலிஸுக்குத் தெரியாமல் புதைத்தது அதைவிடக் குற்றம். தெரிந்தால் இவனைக் கொண்டுபோவார்கள். விசா போய்விடும். அவன் எந்த இடத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது என்று இத்தனை பாடுபட்டோமோ அந்த இடத்துக்கே ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

அவருடைய வேன் வந்து நின்றது. விஷயத்தைச் சொன்னதும் மனிதரின் முகம் கறுத்துப்போனது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார். தம்பி ஓடிப்போய் முன்னால் நின்றான்.

"எடுக்காதையுங்கோ அத்தான். அவங்கள் இப்ப வந்திடுவாங்கள்."

"அது லைசன்ஸ் உள்ள துவக்கு தம்பி. தள்ளி நில்லும்."

"லைசன்ஸ் தந்ததும் அவங்கள்தானே? நாளைக்கு நாங்கள் தரேல்லை எண்டு சொல்ல மாட்டாங்களோ?"

அவர் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார். நான்தான் தம்பியின் தோளைப் பிடித்து, "அப்பன், எனக்காகத் தள்ளி நில்லடா," என்று அழுதேன். அவன் என்னைப் பார்த்தான். அந்தத் தெளிவெல்லாம் போய் முகம் பழையபடி இருண்டது. விலகி உள்ளே போனான்.

துவக்கைக் கராஜுக்குள் கொண்டுவந்து சாக்கை அவிழ்த்தோம். சாக்கின் கிழிசல்வழியே மண் புகுந்திருந்தது. நான் ஒரு பழைய பல் பிரஷை எடுத்துக்கொண்டு வந்து விசைப் பக்கத்தைத் தேய்க்கப் போனேன்.

"நீர் தொடாதையும். உமக்கு லைசன்ஸ் இல்லை," என்றார்.

"மண்ணுக்கை கிடந்த துவக்குக்கு லைசன்ஸ் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு அவருடைய கையைத் தட்டித் தேய்த்தேன். வாழ்க்கையில் நான் துவக்கைத் தொட்டது அன்றைக்கு மட்டும்தான். இரும்பு இளஞ்சூடாக இருந்தது. துடைத்து, பெட்டிக்குள் வைத்து, பூட்டி, சாவியை அவர் சட்டைப்பையில் போட்டு நிமிரவும் வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பொலிஸ்காரி அவசரப்படாமல்தான் பார்த்தாள். பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். இலக்கத்தை வாசித்தாள், இளம் பொலிஸ்காரர் எழுதினார். துவக்கைத் திருப்பும்போது அவளுடைய விரல் ஓரிடத்தில் நின்றது. விரலைத் தூக்கிப் பார்த்தாள். மண்.

பண்ணைப் பக்கம் போய்வந்தீர்களா என்று கேட்டாள். அவர் "யெஸ்" என்றார். துப்பரவாக வைத்திருங்கள், துருப்பிடித்துவிடும் என்றாள். பிறகு பூட்டச் சொல்லிவிட்டு, அந்த மசோதா நிறைவேறினால் இனி நாங்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வரவேண்டும், உங்களுக்கு வசதிதான் என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகைக்குப் பதிலாக வந்த சிரிப்பு. முடிந்தது, போகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது வீட்டுக்குள் இருந்து கராஜுக்கு வருகிற கதவு திறந்தது. தம்பி வந்து நின்றான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான். பொலிஸ்காரியைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"துவக்கு என்ரை. நான்தான் தாட்டனான். அத்தானுக்கு ஒண்டும் தெரியாது. அவரை விடுங்கோ, என்னைக் கொண்டுபோங்கோ."

அவனுடைய ஆங்கிலம் போய்விட்டிருந்தது. அந்த நேரத்தில் பயம் செய்த ஒரே நன்மை அதுதான்.

பொலிஸ்காரி என்னைப் பார்த்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். என் கணவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் என் முகமும் காட்டிக்கொடுத்திருக்கும். "இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடிக்க ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான்," என்றேன். எப்படி அந்த ஆங்கிலம் என் வாயிலிருந்து அவ்வளவு நேராக வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தம்பி நீட்டியிருந்த அந்தக் கைகளை அவள் பார்த்தாள். மடங்காத பெருவிரலையும் கண்டிருப்பாள். என்னை மறுபடி பார்த்தாள். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள். அவளுக்கு விளங்கியதா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வேண்டாம், நன்றி என்று தம்பியிடம் மெதுவாகச் சொல்லித் தலையசைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

கார் போய் மறைந்தது. பிறகு அவர் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "திங்கட்கிழமை துவக்கைத் திருப்பிக் குடுத்திடுறன்," என்றார். சொன்னபடியே கொடுத்தார், அட்டையையும் சேர்த்துத்தான். மசோதா என்ன பாடுபட்டது என்று நான் அதற்குப் பிறகு வானொலியில் கேட்கவுமில்லை, முயல்காரரிடம் விசாரிக்கவுமில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனேன். தம்பி கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தான். அந்தச் சட்டைக்குள் இன்னொரு சட்டை இருந்தது. அதற்குள் இன்னொன்று. காற்சட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. காலில் சப்பாத்து, இறுக்கிக் கட்டியிருந்தது. நாங்கள் கராஜில் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் அவன் இங்கே இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

"என்னடா இது, இந்த வெக்கைக்கை?"

"கொண்டுபோனா உடம்பிலை கிடக்கிறதுதானே அக்கா. பிறகு மாத்த ஒண்டும் இராது."

தேத்தண்ணியை வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், கையில் அகப்பட்டதைச் சொன்னேன். துவக்குப் போகப்போகிறது, இனி வரமாட்டார்கள் என்றேன். அப்படி வருவதென்றாலும் புதுச் சட்டம் ஒன்று வருகிறது, முன்பே அறிவித்துவிட்டுத்தான் வருவார்களாம், அந்தப் பொலிஸ்காரியே சொன்னாள் என்றேன்.

தம்பி கழற்றிய சட்டைகளை மடித்துத் தலைமாட்டில் வைத்தான். அவன் முகம் ஓரளவு தெளிந்தது.

"அது நல்லதுதான் அக்கா," என்றான். "சொல்லிப்போட்டு வந்தாங்களெண்டா, அவசரப்படாமல் ஆறுதலா எல்லாத்தையும் உடுத்திக்கொண்டு நிக்கலாம்."